மலிவு எல்.ஈ.டி விளக்கைப் பவளத் தொட்டிக்குத் திருத்தி மாட்டுவது: திருகோணமலை வீடுகளுக்கு

இணையத்தில் 165 வொட் என்று போட்டு விற்கிற கறுப்புப் பெட்டி விளக்குகள், மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே ஏறக்குறைய ஒரே சாமான்தான். 55 மூன்று-வொட் எல்.ஈ.டிகள், மெயின் கரண்டை எல்.ஈ.டிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ட்ரைவர்கள் நீலத்துக்கு ஒன்று வெள்ளைக்கு ஒன்று என இரண்டு, இரண்டு திருகு குமிழ்கள், முதுகில் விசிறிகள், நாற்பது சென்ரிமீற்றர் அளவு நீளம், மூன்று நான்கு கிலோ பாரம். பிளக்கில் வொட் மீற்றர் போட்டு அளந்தால் 110 முதல் 120 வரைதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். மூன்றடித் தொட்டியில் மென்பவளமும், பூப்போல விரிகிற அதன் உறவான சோவாந்தஸும் வளர்க்க அதுவே தாராளம். வெட்டவெளியில் மதிய வெயிலின் பார் அளவு, அதாவது ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு, 2,000 மைக்ரோமோல் பக்கம் வரும். மென்பவளத்துக்கும் பெரிய சதைப்பற்றுள்ள கல்பவளங்களுக்கும் 50 முதல் 150 போதும். அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களுக்குத்தான் 200 முதல் 350 வரை தேவை.

ஆகவே வொட்டுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. இந்த விளக்குகள் தோற்பது வேறு நான்கு இடங்களில்: ஒடுங்கிய லென்ஸ், ஒழுங்காகப் பிடிக்காத எர்த், உப்புக்காற்றில் இறுகிப்போகும் விசிறி, பெட்டியோடு வரும் நோஞ்சான் கம்பி. திருத்த வேலை முழுக்க இந்த நான்கையும் சுற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து மட்டுமல்ல, நிலாவெளி, உப்புவெளிக் கடலிலிருந்தும் உயிர்ப்பவளத்தை உடைத்து எடுக்கக் கூடாது. தொட்டிகளில் வளர்த்துப் பிரித்த துண்டுகள் கிடைத்தால் மட்டும் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

திறப்பதற்கு முன்

புது விளக்கைக் கழற்றாமலே மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரிய விடுங்கள். எத்தனை வொட் எடுக்கிறது, எந்த எல்.ஈ.டி மங்கலாக இருக்கிறது, விசிறி கரகரக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பலாம். ஒரு ஸ்குரூவைக் கழற்றினாலும் உத்தரவாதம் போய்விடும்.

பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். ட்ரைவரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை வாசித்தால் வெளியே வருவது 60 முதல் 100 வோல்ட் டி.சி, சிலவற்றில் அதற்கும் மேல் என்று இருக்கும். ஆளைத் தூக்கி எறிய அது போதும். கப்பாசிற்றருக்குள் மிச்சம் நிற்கும் என்பதால் மல்டிமீற்றரால் ட்ரைவரின் வெளிக்கம்பி இரண்டையும் தொட்டுப் பார்த்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கை வையுங்கள்.

எர்த்தும் பிளக்கும்

இதைக் கடைசிக்கு ஒத்திப்போடாதீர்கள். இரும்புப் பெட்டி, கீழே உப்புத்தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் உங்கள் கை: இந்த மூன்றும் சேருமிடத்தில் எர்த் இல்லாத விளக்கு இருக்கவே கூடாது.

மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மற்றதைப் பெட்டியின் வெறும் உலோகத்திலும் பிடியுங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெரும்பாலும் காரணம் பெயின்ற். எர்த் வயரின் வளையத்தைப் பெயின்ற் அடித்த தகட்டின் மேலேயே முறுக்கியிருப்பார்கள். ஸ்குரூவைக் கழற்றி, அந்த இடத்தை உலோகம் தெரியச் சுரண்டி, பல் வொஷர் போட்டு இறுக்குங்கள். மேல்மூடிக்கும் தனியாக ஒரு எர்த் வயர் இழுப்பது நல்லது.

வெளிநாட்டுப் பிளக்கோடு வந்தால் அடப்ரர் செருகிச் சமாளிக்காதீர்கள். மலிவான அடப்ரர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே இல்லை. வயரை வெட்டி 13 அம்பியர் சதுரப் பின் பிளக் போட்டு, உள்ளே 13 அம்பியர் பியூஸுக்குப் பதிலாக 3 அம்பியர் பியூஸை வையுங்கள். 230 வோல்ட்டில் இந்த விளக்கு ஒரு அம்பியர்கூட எடுக்காது. வீட்டு மெயின் போட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வட்டப் பின் சொக்கெற்றுகள் உள்ள பழைய வீடுகளில் சிலவற்றுக்கு ட்ரிப் சுவிட்சே இல்லை. அப்படியானால் தொட்டிக்கு முன் எலெக்ட்ரீசியன்.

லென்ஸ்

ஒவ்வொரு எல்.ஈ.டியின் மேலும் 90 அல்லது 120 பாகை லென்ஸ் இருக்கும். 90 பாகை லென்ஸ் உயரமான தொட்டிக்கென்று போட்டது. 45 சென்ரிமீற்றர் ஆழமான தொட்டியில் அது நடுவில் ஒரு சூட்டுப்புள்ளியை உண்டாக்கும்: நடுவில் இருக்கும் பவளம் வெளுக்கும், ஓரத்தில் இருப்பது வெளிச்சம் போதாமல் நீண்டுபோகும். மணலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் ஓடுவதும் இதனால்தான்.

முதலில் நடுப்பகுதி லென்ஸ்களை மட்டும் கழற்றிப் பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு தகடு எல்லா லென்ஸ்களையும் பிடித்திருக்கும். சிலவற்றில் ஒவ்வொன்றும் பசையில் ஒட்டியிருக்கும். ஒட்டியதைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் எல்.ஈ.டியின் மென்மையான சிலிக்கன் முகப்பு லென்ஸோடு கழன்று வந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை அடியில் செருகி, சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முகப்பில் விரல் பட்டால் ஐசோபுரோப்பில் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம்.

லென்ஸ் போனால் நடு வெளிச்சம் நன்றாக இறங்கும், ஓரம் ஏறும். தொட்டிக்கு வெளியே சிந்துவதும் கூடும். இருந்து பார்ப்பவரின் கண்ணில் குத்தும். பெட்டியின் நான்கு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் அலுமினியத் தகட்டுப் பாவாடை கட்டினால் அது அடங்கும்.

சமமாக விழுகிறதா என்று பார்க்க, தண்ணீர் விடுவதற்கு முன் தொட்டியின் தரையில் 15 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்து மலிவு லக்ஸ் மீற்றரால் அளந்து தாளில் எழுதுங்கள். லக்ஸ் எண்ணைப் பார் அளவாக மாற்றக் கணக்குப் போடாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, நீலத்தை மிகவும் குறைத்தே எண்ணும். ஒரே மீற்றரில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க மட்டும் அது உதவும். ஓரம் நடுவில் பாதிக்குக் கீழே இருந்தால் இன்னும் சில லென்ஸ்களைக் கழற்றலாம், அல்லது விளக்கை உயர்த்தலாம்.

சிவப்பும் பச்சையும்

பவளத்துக்குள் வாழும் நுண்பாசி கூடுதலாக உறிஞ்சுவது நீலத்தை. 450 நனோமீற்றர் அரச நீலம் முக்கியம். 400 முதல் 420 வரையான ஊதா ஒளி பவளத்தின் நிறத்துக்கும் மினுக்கத்துக்கும் நல்லது. பெட்டியில் இரண்டு மூன்று சிவப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்காகச் சோல்டரிங் அயனைச் சூடாக்குவது வீண். ஆறு எட்டு என்று இருந்தால் மாற்றலாம்.

மாற்றும்போது மறக்கக் கூடாத கணக்கு ஒன்று உண்டு. ஒரு வரிசையில் எல்லா எல்.ஈ.டிகளும் தொடராக இணைந்திருக்கும். சிவப்பு ஏறக்குறைய 2.2 வோல்ட் எடுக்கும், நீலம் 3.3. நான்கு சிவப்பை நீலமாக்கினால் அந்த வரிசைக்கு நாலரை வோல்ட் அளவு கூடுதலாக வேண்டும். ட்ரைவர் சீட்டில் எழுதியிருக்கும் மேல் எல்லையைத் தாண்டினால் வரிசை முழுக்க மினுக்கும், இல்லையேல் எரியாமலே கிடக்கும். பழைய வரிசை எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று அளந்த பிறகு புதியதை வாங்குங்கள்.

அலுமினியப் பலகை சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால் 25 வொட் அயன் இதற்குச் சரிவராது. 60 வொட்டுக்கு மேல் வேண்டும். நட்சத்திர வடிவ அடித்தட்டோடு வரும் எல்.ஈ.டி என்றால் வேலை சுலபம்: கழற்றி, பழைய பசையைத் துடைத்து, தேர்மல் பேஸ்ற்றை மெல்லிய படலமாகப் பூசி வையுங்கள். கூடப் பூசினால் சூடு இறங்காது. புதியதை மாட்டுமுன் 9 வோல்ட் பற்றரியோடு 470 ஓம் ரெசிஸ்ரரைத் தொடராக வைத்துத் தொட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் நல்லது, தலைகீழாகப் பிடித்தால் எரியாது. வரிசை ஒன்று முழுதாக அணைந்து கிடக்கும்போது செத்த எல்.ஈ.டியைக் கண்டுபிடிப்பதும் இதே பற்றரியால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

விசிறி, சூடு, உப்பு

வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கிற மாதங்களில் திருமலை வீட்டறைக்குள்ளே 32 பாகை சாதாரணம். விளக்கின் ஹீற்சிங்க், அதாவது எல்.ஈ.டியின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகப் பாகம், அதற்கு மேல் 20, 25 பாகை ஏறும். 60 பாகைக்குக் கீழே வைத்திருந்தால் எல்.ஈ.டி நீடிக்கும். விசிறி ஒன்று நின்றால் ஒரு பிற்பகலுக்குள் அந்த எல்லை தாண்டிவிடும்.

பெட்டியோடு வரும் விசிறிகள் பெரும்பாலும் மலிவான ஸ்லீவ் பேரிங் ரகம். திருக்கடலூர், டச் பே, உப்புவெளி போலக் கடலுக்கு ஒட்டிய இடங்களில் அவை நீண்ட நாள் தாங்காது. அதே அளவில் போல் பேரிங் விசிறி வாங்குங்கள், பெரும்பாலும் 80 மில்லிமீற்றர்தான். வாங்குமுன் பழைய விசிறியின் சீட்டில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். குமிழைக் குறைக்கும்போது விசிறியும் மெதுவாகிறது என்றால் அதற்கு எல்.ஈ.டி ட்ரைவரிலிருந்தே கரண்ட் போகிறது என்று அர்த்தம். விசிறிகளைக் கழற்றித் தனி 12 வோல்ட் அடப்ரரில் கொடுங்கள். காற்று மேலிருந்து உள்ளே போக வேண்டும். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து இழுத்தால் உப்பு ஈரம் நேரே ட்ரைவருக்குள் ஏறும். விசிறியைப் புரட்டி மாட்டினால் திசை மாறும்.

சோல்டர் மூட்டுகளுக்கும் வயர் முனைகளுக்கும் சர்க்கிட் பலகைக்கான தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரே இரண்டு கோட் அடியுங்கள். எல்.ஈ.டி முகப்புகளையும் சொக்கெற்றுகளையும் மாஸ்கிங் ரேப்பால் மூடிவிட்டு அடிக்க வேண்டும். வயர் நுழையும் துளைகளை அடைக்க, தொட்டிக் கண்ணாடி ஒட்டுகிற புளித்த மணச் சிலிக்கனைப் பாவிக்காதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அசற்றிக் அமிலம் செம்பை அரிக்கும். நியூற்ரல் என்று எழுதிய, மணமில்லாத சிலிக்கன் கேளுங்கள்.

அடியில் 3 மில்லிமீற்றர் தெளிந்த அக்ரிலிக் தகடு ஒன்று கட்டாயம், லென்ஸ் கழற்றியிருந்தால் மேலும் கட்டாயம். புதுத் தகடு வெளிச்சத்தில் 8 வீதமளவு எடுத்துக்கொள்ளும், பரவாயில்லை. உப்புப் படிந்த தகடு அதைவிட எவ்வளவோ கூட எடுக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். தகட்டைப் பெட்டியோடு ஒட்டி அடைக்காமல், ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு ஸ்பேசரில் பிடித்தால் காற்று ஓடும்.

தானியங்கி மங்கல்

குமிழ் வயர்களை வெட்டி நேரே ஈ.எஸ்.பி-32 போன்ற சிறு கொன்ட்ரோலரில் இணைக்கும் யோசனை பலருக்கு வரும். வேண்டாம். இந்த ட்ரைவர்கள் சிலவற்றில் குமிழின் பக்கம் மெயின் கரண்டிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. கொன்ட்ரோலர் பொசுங்குவது ஒரு புறம், அதை யூ.எஸ்.பி வயரால் இணைத்த கணினியைத் தொடுகிற ஆளும் ஆபத்தில்.

உண்மையிலேயே விடியலும் அந்தியும் வேண்டுமென்றால் பழைய ட்ரைவர் இரண்டையும் தூக்கிவிடுங்கள். 48 வோல்ட் 200 வொட் பவர் சப்ளை ஒன்றும், மீன் வெல் (Mean Well) என்ற நிறுவனத்தின் எல்.டி.டி-700எச் (LDD-700H) ட்ரைவர் ஐந்தும் வாங்குங்கள். 55 எல்.ஈ.டிகளைப் பதினொன்றாக ஐந்து வரிசை ஆக்கினால் ஒரு வரிசைக்கு 36 வோல்ட் அளவு வரும். எல்.டி.டி வோல்ட்டைக் குறைக்க மட்டுமே தெரிந்த சாதனம் என்பதால் உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கூட இருக்க வேண்டும். இங்கே தாராளமாக இருக்கிறது. ஐந்து வரிசையும் 700 மில்லிஅம்பியரில் ஓடினால் 127 வொட், ஆகவே 200 வொட் சப்ளை மூச்சு வாங்காமல் ஓடும். சப்ளையைத் தொட்டிக்கு மேல் வைக்காமல் பக்கத்துச் சுவரில் காற்றோட்டமான பெட்டிக்குள் வையுங்கள். விளக்குக்குள் 48 வோல்ட் மட்டும் போகும், அதுவே பெரிய நிம்மதி. பலகையில் வரிசை பிரிக்கச் செம்புத் தடத்தை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய பின் ஒவ்வொரு வரிசைக்கும் அலுமினியத்துக்கும் தொடர்பு இல்லை என்று மல்டிமீற்றரால் உறுதிசெய்யுங்கள்.

எல்.டி.டியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் (பின்) 100 முதல் 1,000 ஹேர்ட்ஸ் பி.டபிள்யூ.எம், அதாவது வேகமாக அணைத்து ஏற்றும் சமிக்ஞையை, ஏற்கும். ஈ.எஸ்.பி-32 கொடுக்கும் 3.3 வோல்ட் அதற்குப் போதும். அந்தக் கால் எதிலும் இணையாமல் மிதந்தால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் போய் வந்து கொன்ட்ரோலர் எழும்பும் சில நொடிகளில் விளக்கு பளிச்சிடுவது அதனால்தான். கொன்ட்ரோலர் எழும்பிய பிறகே 48 வோல்ட்டைத் திறக்கும்படி ஒரு ரிலே வைத்தால் தீரும்.

இவ்வளவு வேண்டாம் என்பவருக்கு இரண்டு டிஜிற்றல் ரைமர்கள் போதும். உள்ளே பற்றரி இருக்கிற ரகமாக வாங்குங்கள். பல் சுற்றும் பழைய ரைமர் கரண்ட் போன நேரமெல்லாம் நின்று, பின்னர் அத்தனை மணி நேரம் பிந்தியே ஓடும். பகல் வெளிச்சம் நள்ளிரவுக்குப் போய்விடும்.

மாட்டுதல்

கூரை எது என்பதைப் பொறுத்தது. கொங்கிரீட் சிலாப் என்றால் 8 மில்லிமீற்றர் இரும்பு அங்கர் கொக்கி, பூச்சைத் தாண்டிக் கொங்கிரீட்டுக்குள் குறைந்தது 5 சென்ரிமீற்றர். ஓட்டு வீடு, சீற் வீடு என்றால் வளையிலோ கைமரத்திலோ மட்டும் மாட்டுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் துளை போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. சீலிங் பலகை எந்தப் பாரமும் தாங்காது.

கூரையைத் தொட முடியாத வாடகை வீட்டில் தொட்டி மேசையின் பின்பக்கத்தில் ஒரு அங்குல அலுமினியம் பொக்ஸ் பாரை நிறுத்தி, மேலே தொட்டியின் மேல் நீட்டுங்கள். ஜி.ஐ குழாய் மலிவுதான், ஆனால் அதன் நாக (சிங்க்) பூச்சு உப்பு ஈரத்தில் கரைந்து தண்ணீரில் சொட்டும். நாகமும் செம்பும் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு ஆகாது. பி.வி.சி குழாய் சூட்டில் வளையும்.

கம்பி, கொழுவி எல்லாவற்றையும் மீன்பிடிச் சாமான் கடையில் பாருங்கள். துருப்பிடிக்காத ட்ரேஸ் கம்பி, அதை நசுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ், சுவிவல் எல்லாம் கடலுக்கென்றே செய்தவை. ஸ்ரெயின்லெஸ் என்றால் 316 ரகம் கேளுங்கள். 304 இந்தக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். நைலோன் கயிறு நாளடைவில் இழுபட்டு விளக்கு ஒரு பக்கம் சரியும். நான்கு மூலைக்கும் நான்கு கம்பி போட்டு, தனிக் கொக்கியில் ஐந்தாவதாகத் தளர்வான ஒரு காவல் கம்பி போடுங்கள்.

விளக்கை ஏற்றுமுன் கொக்கிகளில் 19 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றை நிரப்பித் தொங்கவிட்டு ஒரு இரவு வையுங்கள், தொட்டிக்குப் பலகை மூடி. விளக்கின் பாரத்தைப்போல் ஐந்து மடங்கு. கொக்கி அசையவில்லை என்றால் நம்பலாம்.

தண்ணீர் மட்டத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொடங்குங்கள். ஒரு விளக்கு 60 சென்ரிமீற்றர் சதுரத்தைத்தான் நன்றாக மூடும். மூன்றடித் தொட்டிக்கு ஒன்றே என்றால் 35, 40 வரை உயர்த்தி, வெளிச்சம் விரும்பாதவற்றை ஓரத்தில் வைக்கலாம். நாலடிக்கு இரண்டு வேண்டும். வயர் சொக்கெற்றுக்குப் போகுமுன் அதைவிடக் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டி நிற்கும்.

எரிய விடுதல்

குமிழில் எண் இருக்காது, முதல் கால்வாசித் திருப்பில் ஒன்றுமே நடக்காமலும் இருக்கும். வொட் மீற்றரைப் பார்த்துக்கொண்டு 20, 40, 60 வொட் வரும் இடங்களை ரேப் ஒட்டிக் குறியுங்கள். முதல் வாரம் நீலம் கால்வாசி, வெள்ளை பத்தில் ஒரு பங்கு, எட்டு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து வீதம் ஏற்றுங்கள், நேரத்தைக் கூட்ட வேண்டாம். மென்பவளத் தொட்டியில் பாதிக்கு மேல் போக வேண்டிய தேவை அநேகமாக வராது. அந்த அளவில் நாளொன்றுக்கு அரை யூனிற் பக்கம்தான் கரண்ட்.

சோவாந்தஸ் தண்டை நீட்டி மேலே எட்டினால் வெளிச்சம் போதவில்லை. பாறையோடு அப்பிச் சுருங்கி, நிறம் வெளிறினால் கூடிவிட்டது: பத்து வீதம் இறக்கி இரண்டு வாரம் பொறுங்கள். பவளம் மண்ணிறமாவதும் பெரும்பாலும் வெளிச்சக் குறைவால்தான், சத்துக் கூடிய தண்ணீரும் அதைச் செய்யும். தண்ணீர் 30 பாகை தாண்டிய நாட்களில் சந்தேகமே வேண்டாம், வெளிச்சத்தைக் குறையுங்கள். சூடும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் வெளுப்பு வேகமாக வரும். தண்ணீர் மேல் சிறு விசிறி வைத்தால் கச்சான் காலத்து வறண்ட காற்றில் இரண்டு பாகை வரை இறங்கும். ஆவியாகிக் குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. அந்த விசிறியின் காற்று விளக்குப் பக்கம் திரும்பாமல் பாருங்கள்.

வாடைக்காற்று மாதங்களில் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழத் தொடங்கினால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்தால் வயர் நுழையும் துளை அருகே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அல்ககோலில் தேய்த்து, காயவைத்து, ஸ்பிரே அடித்து, எர்த்தை மறுபடி அளந்த பிறகு மாட்டுங்கள்.